அடியா, மில்லிமீற்றரா? ஒரே வீட்டின் மூன்று கோப்புகள் மூன்று அளவில் வருகின்றன

நீலக்கோடு (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கும் பழைய நிலத்தள வீட்டுக்கு மேல்மாடி வரைந்துகொண்டிருக்கிறேன். காணி 6.4 பேர்ச். ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் மில்லிமீற்றர் வார்ப்புருவில்தான் தொடங்கினேன். இப்போது மற்றவர்களிடமிருந்து வந்த கோப்புகளை எக்ஸ்ரெஃப் ஆக (வெளிக்கோப்பு இணைப்பாக) இணைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வந்து விழுகிறது.

பொறியியலாளரின் தூண் வரைபடத்தில் 225 மில்லிமீற்றர் தூண், என் வரைபடத்தில் 5715 ஆக வந்து ஓர் அறையையே மூடிக்கொண்டிருக்கிறது. முன்பு வேறொருவர் வரைந்த பழைய வீட்டுக் கோப்பு 480 மில்லிமீற்றர் நீளத்தில் சுருங்கிக் கிடக்கிறது. உண்மையில் அது 40 அடி வீடு. நில அளவையாளரின் காணிப் படமோ கண்ணுக்கே தெரியவில்லை. தேடிப் பார்த்தால் வெகு தொலைவில் ஒரு புள்ளி போல இருக்கிறது.

‘யூனிட்ஸ்’ பெட்டியைத் திறந்து மில்லிமீற்றரை அங்குலமாகவும், அங்குலத்தை மில்லிமீற்றராகவும் மாற்றிப் பார்த்தேன். கோடுகள் அசையவே இல்லை. ‘ஆர்க்கிடெக்சரல்’ வகையைத் தெரிவுசெய்தால் 9000 என்றிருந்த என் சுவர் 750 அடி என்று காட்டுகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. வீட்டுக்காரர் அடியில் பேசுகிறார், மேசன் அடியில் கேட்கிறார், மாநகர சபைக்கு மீற்றரில் கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஒரு சிறிய அலுவலகம் எந்த அலகில் வரைவது சரி? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சுண்ணக்கட்டி (பம்பலப்பிட்டி)

தங்கச்சி, நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை இருக்கிறது. 5715ஐ 225ஆல் வகுத்துப் பாருங்கள்: 25.4. பொறியியலாளர் மில்லிமீற்றரில்தான் வரைந்திருக்கிறார். ஆனால் அங்குல வார்ப்புருவைத் திறந்து வரைந்திருக்கிறார். கோப்பின் உள் அமைப்பில் ‘நான் அங்குலம்’ என்று எழுதியிருக்கிறது. உங்கள் கோப்பு ‘நான் மில்லிமீற்றர்’ என்கிறது. மென்பொருள் இரண்டையும் நம்பி, 25.4ஆல் பெருக்கிக் கொண்டுவந்துவிட்டது. அந்தத் தூணைத் தெரிவுசெய்து ‘புரொப்பர்டீஸ்’ பலகையைப் பாருங்கள். ‘யூனிட் ஃபாக்டர்’ என்ற வரியில் 25.4 என்றே இருக்கும். குழப்பம் வரும்போதெல்லாம் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல அலுவலகங்களில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஓட்டோகேட்டுக்குள் மில்லிமீற்றரும் இல்லை, அடியும் இல்லை. வெறும் எண்தான் இருக்கிறது. 9000 நீளக் கோடு என்றால் 9000 அவ்வளவுதான். ‘யூனிட்ஸ்’ பெட்டியின் மேற்பகுதியில் இருக்கும் ‘டைப்’ அந்த எண்ணை எப்படி எழுதிக்காட்டுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ‘ஆர்க்கிடெக்சரல்’, ‘எஞ்சினியரிங்’ இரண்டும் ஓர் அலகை ஓர் அங்குலமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 9000 மில்லிமீற்றர் 9000 அங்குலமாகி, 750 அடி என்று காட்டியது. மில்லிமீற்றர் கோப்பில் அந்த இரண்டையும் தொடாதீர்கள், ‘டெசிமல்’ மட்டுமே.

அதற்குக் கீழே ‘இன்சர்ஷன் ஸ்கேல்’ என்று ஒன்று இருக்கிறது. இதைத்தான் ‘இன்ஸ்யூனிட்ஸ்’ என்ற மாறியில் சேமிக்கிறது: அங்குலத்துக்கு 1, அடிக்கு 2, மில்லிமீற்றருக்கு 4, மீற்றருக்கு 6, எதுவும் இல்லை என்றால் 0. இது கோப்பின் மேல் ஒட்டும் ஒரு முகவரிச் சீட்டு மாதிரி. சீட்டை மாற்றினால் பெட்டிக்குள் இருப்பது மாறாது. இன்னொரு கோப்புக்குள் போகும்போதுதான் அது வேலை செய்யும். கோடுகள் அசையவில்லை என்று கவலைப்பட்டீர்களே, அசையக்கூடாது என்பதுதான் முறை.

மூன்று கோப்புகளையும் தனித்தனியே திறவுங்கள். திறந்தவுடன் எதையும் மாற்ற வேண்டாம். உங்களுக்கு நிச்சயமாக அளவு தெரிந்த ஒரு பொருளை அளந்து பாருங்கள். நான் எப்போதும் கதவைத்தான் அளப்பேன். 900 என்று வந்தால் மில்லிமீற்றர். 0.9 என்றால் மீற்றர். 36 என்றால் அங்குலம். 3 என்றால் அடி. அதன் பிறகு ‘இன்ஸ்யூனிட்ஸ்’ என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சீட்டைத் திருத்துங்கள், கோடுகளை அல்ல. பொறியியலாளரின் கோப்பில் மில்லிமீற்றர் என்று மாற்றிச் சேமியுங்கள். பழைய வீட்டுக் கோப்பில் 0 இருக்கும் என்று நினைக்கிறேன். 480 என்பது 40 அடியின் அங்குலக் கணக்கு. அங்கே அங்குலம் என்று வையுங்கள். காணிப் படத்தில் மீற்றர்.

பிறகு உங்கள் கோப்பில் பழைய இணைப்புகளை ‘டிட்டாச்’ செய்து முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். ‘ரீலோட்’ மட்டும் செய்து அதை நம்ப வேண்டாம். மூன்றும் தாமாகவே சரியான அளவில் வந்து உட்காரும். நீங்கள் ஒரு முறைகூட ‘ஸ்கேல்’ கட்டளையைத் தொட வேண்டியதில்லை.

---

தேக்குமரம் (கொட்டாஞ்சேனை)

முதல் கேள்விக்கு நண்பர் நன்றாகப் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். அடியில் வரையுங்கள்.

நான் கட்டுபவன். பழைய சோனகத் தெருவில் போய் மரம் கேட்டால் ‘இரண்டுக்கு நாலு, பன்னிரண்டடி’ என்றுதான் பேச்சு. மணல் கியூப் கணக்கில் வருகிறது. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. கூலி சதுர அடிக்குப் பேசுகிறோம். தச்சன் அரைக்கால் அங்குலத்தை ஒரு நூல் என்கிறான்; ‘இரண்டு நூல் குறை’ என்றால் வேலைத்தளத்தில் எல்லோருக்கும் புரியும். அவனிடம் ‘6 மில்லிமீற்றர் குறை’ என்றால் நாடாவின் மறுபக்கத்தைத் திருப்பித் தேடுகிறான். வரைபடம் யாருக்காக? அனுமதி கொடுக்கும் மேசைக்காகவா, வெயிலில் நின்று கல் வைப்பவனுக்காகவா?

அனுமதிப் படம் மீற்றரில் இருக்கட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வேலைத்தளத்துக்கு வரும் தாளில் 3658 என்று எழுதியிருந்தால் என் ஆட்கள் அதைத் தவறாகத்தான் மாற்றுவார்கள். கைபேசியில் ஒருவர் 25ஆல் வகுக்கிறார், இன்னொருவர் 300ஆல் வகுக்கிறார். அது 12 அடி என்று தாளிலேயே இருந்தால் பிழைக்கு இடமில்லை.

---

மூன்றாம்மாடி (தெகிவளை)

தேக்குமரம் அண்ணா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன், மீதிக்கு முடியாது. நான் கட்டமைப்புப் பொறியியலாளன்.

கம்பி 10, 12, 16 என்று மில்லிமீற்றரில்தான் வருகிறது. கம்பியை மூடும் கொங்கிறீற்றின் தடிப்பும் மில்லிமீற்றரில். தூணும் உத்தரமும் 225 என்று கணக்கிடுகிறோம். நீங்கள் 9 அங்குலச் சுவர் என்று வரைந்தால் அது 228.6. வித்தியாசம் 3.6 மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். வரிசையாக நான்கு அறைகள், ஐந்து சுவர்கள் என்றால் 18 மில்லிமீற்றர் சேர்ந்துவிடும். கடைசித் தூண் சுவரின் முகத்தோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு பூச்சுக்காரர் தலையில் அந்தப் பழி விழும்.

கொழும்பில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சட்டத்தின் எண்கள் மீற்றரில், நம் பழக்கத்தின் எண்கள் அடியில். பின்பக்கம் 2.3 மீற்றர் திறந்த வெளி விட வேண்டிய ஒரு காணியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதை ‘ஏழரை அடி’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். 7 அடி 6 அங்குலம் எவ்வளவு? 2286 மில்லிமீற்றர். 14 மில்லிமீற்றர் குறை. வரைபடத்திலேயே அது குறையாகிவிட்டால், சுவர் எழும்பிப் பூச்சும் பூசிய பிறகு இன்னும் குறையும். கட்டி முடித்த வீடு அனுமதிப் படத்தின்படி இருக்கிறது என்று கொடுக்கும் இணக்கச் சான்றிதழுக்கு அளக்க வரும் நேரத்தில் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். வெள்ளவத்தை மாதிரியான இடத்தில் ஒவ்வொரு விரற்கடையையும் பயன்படுத்திக் கட்டுகிறோம். விட்டுக்கொடுக்க அங்கே இடம் கிடையாது.

நீலக்கோடு, மில்லிமீற்றரில் வரையுங்கள். அடியைத் தாளில் காட்டுங்கள், வரைபடத்துக்குள் வைக்காதீர்கள்.

---

அளவுச்சங்கிலி (கல்கிசை)

நில அளவையாளன் என்ற முறையில் காணிப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள்.

முதலில், உங்கள் காணி ஏன் ‘வெகு தொலைவில் ஒரு புள்ளி’ ஆக இருந்தது? அந்தக் கோப்பு தேசிய ஆள்கூற்றில் இருக்கிறது. இலங்கையின் எஸ்எல்டி99 ஆள்கூற்று முறையில் பிதுருதலாகல அருகே இருக்கும் தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். நாட்டில் எங்கும் குறை எண் வராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கொழும்பு அதற்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தள்ளி இருப்பதால் இங்குள்ள காணிகளின் கிழக்கு ஆள்கூறு 400,000க்கு அண்மையில் இருக்கும். வடக்கு ஆள்கூறு 490,000ஐ ஒட்டி வரும். பிழை எதுவும் இல்லை, காணி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

இதை மில்லிமீற்றருக்கு மாற்றினால் 400,000,000 என்று ஆகிவிடும். எண்ணைச் சேமிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் திரையில் கோடுகள் நடுங்கும், ‘ஹட்ச்’ (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) போடும்போது உடையும், வட்டங்கள் கோணல்மாணலாகத் தெரியும். ஆகவே காணிக் கோப்பை அப்படியே மீற்றரில், அதன் ஆள்கூற்றில் தனியே வைத்திருங்கள். அதன் பிரதி ஒன்றில், ஒரு மூலைக் கல்லைத் தெரிந்தெடுத்து அதைச் சுழியத்துக்கு நகர்த்தி, அந்தப் பிரதியை வீட்டு வரைபடத்துக்கு இணையுங்கள். அந்த மூலைக் கல்லின் உண்மையான ஆள்கூற்றை வரைபடத்திலேயே எழுதி வையுங்கள். பின்னால் எவராவது திரும்பச் சேர்க்க வேண்டி வந்தால் அந்த ஒரு வரி போதும்.

பழைய அளவைப் படத்தை ஸ்கான் செய்து வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய படங்களில் எல்லை நீளம் லிங்க் கணக்கில் இருக்கக்கூடும். 100 லிங்க் ஒரு செயின், ஒரு செயின் 66 அடி. அதாவது ஒரு லிங்க் 201.168 மில்லிமீற்றர். ‘45’ என்று எழுதியிருப்பதை 45 அடி என்று எடுத்தால் எல்லை நீளம் ஒன்றரை மடங்காகிவிடும். காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள பரப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த ஸ்கானையும் அளவுப்படுத்தக் கூடாது.

பேர்ச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, அதாவது 25.29285 சதுர மீற்றர். 40 பேர்ச் ஒரு றூட், 160 பேர்ச் ஓர் ஏக்கர். பலர் 25 என்றே போட்டு வகுக்கிறார்கள். நீலக்கோடு, உங்கள் 6.4 பேர்ச் காணி 161.87 சதுர மீற்றர். அதை 25ஆல் வகுத்தால் 6.47 என்று வரும். உறுதியில் 6.4, வரைபடத்தில் 6.47 என்றால் அதைப் பார்க்கும் அதிகாரி கேள்வி கேட்கத்தான் செய்வார், கேட்க வேண்டும்.

இன்னொன்று. ‘யூனிட்ஸ்’ பெட்டியில் கோணத்துக்கு ‘குளொக்வைஸ்’ என்றொரு கட்டம் இருக்கிறது. எங்கள் திசைக்கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகப் போகிறது, ஓட்டோகேட் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாகப் போகிறது. எல்லைக் கோடு வரைவதற்காகச் சிலர் அந்தக் கட்டத்தைத் தெரிவுசெய்து, பிறகு அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதன்பின் வீட்டு வரைபடத்தில் எதைச் சுழற்றினாலும் எதிர்ப்பக்கம் போகும். காணிக் கோப்புக்குள் மட்டும் செய்யுங்கள்.

---

நீலக்கோடு

மிக்க நன்றி. சுண்ணக்கட்டி அண்ணா சொன்னபடியே செய்தேன். பொறியியலாளரின் கோப்பில் கதவு இல்லை, ஆகவே தூணை அளந்தேன்: 225. சீட்டில் அங்குலம் என்று இருந்தது. பழைய வீட்டுக் கோப்பில் 0 இருந்தது, கதவு 36. எல்லாம் நீங்கள் சொன்னதுபோலவே. டிட்டாச் செய்து மீண்டும் இணைத்ததும் தூண்கள் சுவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டன.

பழைய வீட்டின் மேல் என் வரைபடத்தை வைத்தால் ஒரே ஒரு சுவர் மட்டும் சேரவில்லை. என் கோப்பில் அளந்தால் 3000 என்று காட்டுகிறது; மூன்று அளவுகளைக் கூட்டினால் மொத்தம் ஒரு மில்லிமீற்றர் அதிகமாக வருகிறது. எங்கே பார்ப்பது?

மற்றது, தேக்குமரம் அண்ணா கேட்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. மில்லிமீற்றரில் வரைந்துவிட்டு அடியையும் தாளில் காட்டுவது எப்படி?

---

சுண்ணக்கட்டி

‘பிரிசிஷன்’ எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 0 என்று வைத்திருந்தால் 2999.6 என்பதும் 3000 என்றே காட்டும், 3000.4 என்பதும் 3000 என்றே காட்டும். கோடு எங்கேயோ ‘ஸ்னாப்’ (முனைப் புள்ளியில் ஒட்டிப் பிடிப்பது) தவறிப் பிடித்திருக்கிறது. துல்லியத்தைக் குறைத்துவைத்ததால் அது கண்ணில் படவில்லை. வரையும்போது ‘யூனிட்ஸ்’ பெட்டியில் இரண்டு தசம தானமாவது வையுங்கள். 2999.63 என்று தெரிந்தால் அங்கேயே திருத்திவிடலாம். தாளில் முழு எண்ணாகக் காட்டுவதை அளவுக்கோட்டின் ‘டிம் ஸ்டைல்’ (அளவை எழுதிக்காட்டும் பாணி) பார்த்துக்கொள்ளும்; இரண்டுக்கும் தனித்தனித் துல்லியம் இருக்கிறது.

அடியைக் காட்ட: டிம் ஸ்டைலைத் திருத்தப் போங்கள், ‘ஒல்டர்னேட் யூனிட்ஸ்’ என்ற பக்கத்தில் அதைக் காட்டும்படி தெரிவுசெய்யுங்கள். வகை ‘ஆர்க்கிடெக்சரல்’. துல்லியம் எட்டில் ஒன்று. தச்சரின் ஒரு நூல் அதுதான். பெருக்கும் எண் 0.03937008. அதாவது ஒன்றை 25.4ஆல் வகுத்தது. 1959 முதல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என்பது சர்வதேச உடன்பாடு, ஆகவே இதில் தோராயத்துக்கு வேலையே இல்லை. இடத்தை ‘முதன்மை அளவுக்குக் கீழே’ என்று வைத்தால், மேலே 3658, கோட்டுக்குக் கீழே 12 அடி என்று வரும்.

அந்த எண்ணை 0.04 என்று முழுமையாக்கி வைத்திருக்கும் வார்ப்புருக்கள் கொழும்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து உங்களுடையதைத் திறந்து பாருங்கள். 0.04 இருந்தால் 30 அடிச் சுவர் தாளில் 30 அடி ஐந்தே முக்கால் அங்குலம் என்று அச்சாகும். மேலே உள்ள மில்லிமீற்றர் சரியாக இருக்கும், கீழே உள்ள அடி பொய்யாக இருக்கும். மேசன் கீழே உள்ளதைத்தான் படிப்பார்.

---

கட்டுபெத்த மாணவன்

லிப்ரேகேட் என்ற இலவச வரைபட மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு: ‘நடப்பு வரைபட விருப்பங்கள்’ என்ற பெட்டியில் அலகை மாற்றலாம். அங்கேயும் அலகை மாற்றினால் கோடுகள் மாறாது, எண்ணின் பொருள் மட்டுமே மாறும். டிஎக்ஸ்எஃப் என்பது மென்பொருள்களுக்கிடையே வரைபடம் பரிமாறும் கோப்பு வகை; அதன் பழைய ஆர்12 பதிப்புக் கோப்புகளில் அலகு பற்றிய குறிப்பே இருக்காது என்பதால், அங்கே கதவை அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

முப்பரிமாண மென்பொருள்களில் ஸ்கெச்அப் உள்ளே எல்லாவற்றையும் அங்குலமாகவும், ரெவிட் அடியாகவும் சேமிக்கின்றன. பயனருக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஆனால் ரெவிட்டில் ஓட்டோகேட் கோப்பை இறக்கும்போது ‘இம்போர்ட் யூனிட்ஸ்’ என்ற இடத்தில் ‘தானாகக் கண்டறி’ என்று விடாமல், கதவை அளந்து அறிந்த அலகைக் கையால் தெரிவுசெய்யுங்கள். தானாகக் கண்டறிவது அந்தச் சீட்டைத்தான் படிக்கிறது. சீட்டு பொய் என்றால் ரெவிட்டும் அதை நம்பிவிடும்.

---

தேக்குமரம்

இரண்டு அளவும் ஒரே கோட்டில் இருந்தால் எனக்குச் சம்மதம். ஒரு வேண்டுகோள் மட்டும். எல்லாத் தாளிலும் இரண்டையும் போட்டு நிரப்ப வேண்டாம். படிக்கட்டுத் தாளிலும், கதவு யன்னல் தாளிலும் போடுங்கள். அத்திவாரத் தாளில் மில்லிமீற்றர் மட்டும் இருக்கட்டும், அங்கே பொறியியலாளரின் ஆள் நிற்பார்.

ரைல்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. கடையில் ‘இரண்டுக்கு இரண்டு’ என்று விற்கிறார்கள், ஆனால் பெட்டிக்குள் இருப்பது 600 மில்லிமீற்றர். இரண்டடி என்றால் 609.6. 20 அடிக் கூடத்துக்கு நீளவாக்கில் பத்து ரைல்ஸ் போதும் என்று வரைபடத்தை நம்பி எண்ணினால், இடைவெளியையும் சேர்த்தே கடைசியில் மூன்று அங்குலத்துக்கு மேல் வெறுமையாக நிற்கும். அதற்காக இன்னொரு வரிசை வெட்ட வேண்டும். வரைபவர்கள் ‘ஹட்ச்’ போடும்போது 600 என்று போட்டால் அந்த வெட்டு வரிசை தாளிலேயே தெரிந்துவிடும். எந்தச் சுவரோரம் அதைத் தள்ளுவது என்று வீட்டுக்காரரோடு முன்கூட்டியே பேசலாம். இந்த ஓர் இடத்தில் மில்லிமீற்றர்தான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

---

தாள்மேசை (மருதானை)

நான் மேசையில் தாள் விரித்து, மைப்பேனாவால் வரைந்த தலைமுறை. அச்சில் வரும் ஒரு சிக்கலை இங்கே யாரும் தொடவில்லை.

முன்பு நாங்கள் எட்டடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில் வரைந்தோம். அது 1:96. இன்று எல்லோரும் 1:100 என்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று நினைத்து, பழைய 1:96 தாளை ஸ்கான் செய்து ‘1:100’ என்று தலைப்புக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வித்தியாசம். அளவுகோலை வைத்துப் படித்தால் 40 அடி வீடு 41 அடி 8 அங்குலமாகத் தெரியும்.

கணினியில் அச்செடுக்கும்போது மில்லிமீற்றர் வரைபடம், மில்லிமீற்றர் தாள் என்றால் ‘வியூபோர்ட்’ (தாளில் வரைபடம் தெரியும் சட்டம்) அளவு 1:100 என்று வைத்தாலே போதும். அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீற்றர் தாளில் 1:100க்கு எடுக்க வேண்டுமானால் 0.254 என்று கொடுக்க வேண்டும். மீற்றரில் வரைந்தது என்றால் 10. காணிப் படத்தை அதே தாளில் தனி வியூபோர்ட்டில் வைக்கிறவர்கள் இதை எழுதி ஒட்டி வையுங்கள்.

கடைக்குக் கொண்டுபோய் அச்செடுக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். ஏ1 தாளுக்கு வரைந்தது ஏ3யில் வந்துவிடும்; மேலே 1:100 என்று அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு தாளிலும் வரைந்த அளவுக்கோல் ஒன்று, 0 முதல் 5 மீற்றர் வரை, மூலையில் இருக்கட்டும். தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும். எண்ணில் எழுதிய அளவுத்திட்டத்தால் அது முடியாது.

---

மூன்றாம்மாடி

தாள்மேசை ஐயா சொன்னதோடு ஒன்று. தலைப்புக் கட்டத்தில் ‘எல்லா அளவுகளும் மில்லிமீற்றரில், மட்டங்கள் மீற்றரில்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். என்னிடம் வரும் கோப்புகளில் இந்த வரி இல்லாதவற்றைத் திருப்பி அனுப்பிக் கேட்டுவிட்டே கணக்குத் தொடங்குகிறேன். நீலக்கோடு, உங்கள் பொறியியலாளரிடமும் அவருடைய கோப்பின் சீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் பிரதியை மட்டும் திருத்தினால், திருத்திய தூண் வரைபடம் அடுத்த வாரம் வரும்போது மறுபடியும் 5715 வந்து நிற்கும்.

---

நீலக்கோடு

அவரிடம் பேசினேன். அவருடைய அலுவலக வார்ப்புருவே அங்குலத்தில் இருந்ததாம், மாற்றிவிட்டதாகச் சொன்னார். நான் எங்கள் அலுவலகத்துக்குப் புதிய வார்ப்புரு ஒன்று செய்திருக்கிறேன்: டெசிமல், இரண்டு தசம தானம், மில்லிமீற்றர், இரண்டு டிம் ஸ்டைல் (ஒன்றில் அடியும் சேர்ந்து வரும்), மூலையில் அளவுக்கோல், தலைப்புக் கட்டத்தில் அந்த வரி. பரப்பைப் பேர்ச்சில் தானாகக் கணக்கிட்டுக் காட்டும் ‘ஃபீல்ட்’ ஒன்றும் சேர்த்தேன். சதுர மில்லிமீற்றரை 25,292,852.64ஆல் வகுக்கும்படி வைத்திருக்கிறேன். என் காணி 6.40 என்றே வருகிறது. பின்பக்கம் 2300க்கு மேல் 25 சேர்த்து வைத்திருக்கிறேன், பூச்சுக்காக.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். பழைய வீட்டுக் கோப்பிலிருந்து சில பகுதிகளை வெட்டி எடுத்து ஒட்டினேன். செங்கல் ஹட்ச் முழுக் கறுப்பாக அடைந்துபோய் வருகிறது. விட்டுவிட்டு வரும் மறைகோடுகள் முழுக்கோடாகத் தெரிகின்றன. அலகு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

---

சுண்ணக்கட்டி

‘மெஷர்மென்ட்’ என்று தட்டிப் பாருங்கள், 0 என்று வரக்கூடும். அது இன்ஸ்யூனிட்ஸிலிருந்து வேறானது. எந்தக் கோட்டுக் கோப்பையும் ஹட்ச் கோப்பையும் எடுப்பது என்பதை அது தீர்மானிக்கிறது: 0 என்றால் அங்குலக் கோப்பு, 1 என்றால் மெட்ரிக் கோப்பு. அங்குல ஹட்ச் மில்லிமீற்றர் வரைபடத்துக்குள் 25.4 மடங்கு நெருக்கமாக விழுவதால்தான் கறுப்பாகிறது; மறைகோட்டின் துண்டுகளும் அதே அளவு சிறுத்துவிடுவதால் முழுக்கோடாகத் தெரிகிறது.

1 என்று மாற்றுங்கள். அதை மாற்றியதும் ஏற்கெனவே வந்தவை தாமாகத் திருந்தாது. ‘லைன்டைப்’ பெட்டியில் கோட்டு வகைகளை மெட்ரிக் கோப்பிலிருந்து மீண்டும் ஏற்றுங்கள். ‘இருப்பதை மாற்றவா’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். ஹட்சை அழித்துப் புதிதாகப் போடுங்கள், அல்லது அதன் ‘ஸ்கேல்’ எண்ணை 25.4ஆல் பெருக்குங்கள். அதன் பிறகு வார்ப்புருவையும் திறந்து, அங்கேயும் 1 இருக்கிறதா என்று பார்த்துச் சேமித்துவிடுங்கள்.